கத்தோலிக்க அருளடையாளங்கள் பைபிள்ல இருக்கா? புதுசா படிக்க வர்றவங்களுக்கு படிப்படியா ஒரு வழிகாட்டி

"ஏழு அருளடையாளம்னு பைபிள்ல எந்த வசனத்துல இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" இந்தக் கேள்வியை கேட்காத கத்தோலிக்கர் யாரும் இருக்க மாட்டாங்க. கேட்டவுடனே நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் முழிப்பாங்க, மீதிப் பேர் கோபப்படுவாங்க. ரெண்டுமே தேவையில்ல. ஏழுன்னு எண்ணிக்கை போட்டு ஒரே இடத்துல வரிசையா எழுதின வசனம் பைபிள்ல கிடையாது, அதை முதல்லயே ஒத்துக்கலாம். ஆனா அந்த ஏழுல ஒவ்வொண்ணும் புதிய ஏற்பாட்டுல எங்க வருது, எவ்வளவு தெளிவா வருதுன்னு தேடினா அது வேற கதை. சிலது கண்ணை மூடிக்கிட்டு காட்டலாம், சிலதுக்கு ரெண்டு மூணு வசனத்தை சேர்த்து வச்சு யோசிக்கணும், ஒண்ணு ரெண்டுல திருச்சபை சொல்றதையும் நம்பித்தான் ஆகணும். இந்த வித்தியாசத்தை மறைக்காம சொல்லணும்னுதான் இதை எழுதறேன். நான் கத்தோலிக்க நம்பிக்கையோடதான் எழுதறேன், அதையும் தெரிஞ்சுக்கிட்டே படிங்க.

படி 1: பேர் குழப்பத்தை முதல்ல தீர்த்துக்கோங்க

இங்கிலீஷ்ல சாக்ரமென்ட்னு சொல்ற ஒரே விஷயத்துக்கு நம்ம மொழியில மூணு தலைமுறைப் பேர் இருக்கு. தாத்தா பாட்டி தேவதிரவிய அனுமானம்பாங்க, அப்புறம் திருவருட்சாதனம் வந்துச்சு, இப்ப அருளடையாளம். ஏழும் இதுதான்: திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில் பூசுதல் (அவஸ்தை பூசுதல்), குருத்துவம், திருமணம். பைபிள் புத்தகங்களோட பேரும் மாறும், கத்தோலிக்கர் கையில இருக்கிற திருவிவிலியத்துல திருத்தூதர் பணிகள்னு இருக்கிறதுதான் மத்த சபைக்காரங்க வச்சிருக்கிற பரிசுத்த வேதாகமத்துல அப்போஸ்தலர் நடபடிகள். அதிகாரம், வசன எண் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால நான் கீழ சொல்ற இடத்தை எந்த பைபிள்ல வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். சும்மா படிச்சுட்டு போகாதீங்க, தயவுசெஞ்சு பைபிளை பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு இடத்தையும் புரட்டிப் பாருங்க.

படி 2: அருளடையாளம்னா என்ன சொல்ல வர்றாங்கன்னு புரிஞ்சுக்கோங்க

1992ல வந்த திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 1131ஆம் எண்ல இதுக்கு விளக்கம் இருக்கு. சுருக்கமா சொன்னா மூணு விஷயம் ஒண்ணா சேரணும். கண்ணுக்குத் தெரியற ஒரு அடையாளம் (தண்ணி, எண்ணெய், அப்பம், கை வைக்கிறது, வாயால சொல்ற வார்த்தை), அதை ஏற்படுத்தினது கிறிஸ்து, அது வழியா கடவுளோட அருள் நிஜமாவே கிடைக்குது. மூணாவதுதான் முக்கியம். வெறுமனே ஞாபகப்படுத்துற சடங்கு இல்ல. அம்மா குழந்தையை கட்டிப்பிடிக்கும்போது அந்த அணைப்பு அன்பு இருக்குன்னு காட்டவும் செய்யுது, அதே நேரத்துல அன்பைக் கொடுக்கவும் செய்யுது இல்லையா, அந்த மாதிரி காட்டுறதையே கொடுக்கிற அடையாளம்.

இங்க ஒரு பெரிய சந்தேகம் வரும். கொடுக்கிற ஃபாதர் மோசமான ஆளா இருந்தா? 4ஆம் நூற்றாண்டுல வட ஆப்பிரிக்காவுல இதே சண்டைதான் பெருசா வெடிச்சுச்சு. ரோமப் பேரரசு கிறிஸ்தவங்களை கொடுமைப்படுத்தினப்ப பயந்துபோய் வேத நூல்களை ஒப்படைச்ச ஆயர்கள் (பிஷப்புகள்) கொடுத்த அருளடையாளம் செல்லாதுன்னு தொனாத்துக் கட்சிக்காரங்க சொன்னாங்க. அந்தப் பகுதியில ஆயரா இருந்த அகுஸ்தீன் அதை எதிர்த்து நின்னார், திருமுழுக்கு கொடுக்கிறது அந்த மனுஷன் இல்ல, கிறிஸ்துதான் கொடுக்கிறார்னு. அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் திருச்சபை நிலைப்பாடு அதேதான், குருவோட பரிசுத்தத்தை வச்சு அருளடையாளம் செல்லுமா செல்லாதான்னு முடிவு பண்றதில்ல. ஆனா அதுக்காக இது மந்திரம் மாதிரி தானா வேலை செய்யும்னும் நினைச்சுடாதீங்க. வாங்குறவர் எந்த மனசோட வர்றார்ங்கிறதைப் பொறுத்துத்தான் அது அவருக்குள்ள பலன் கொடுக்கும்.

"கடவுள் நேரடியா அருள் கொடுக்க மாட்டாரா, எதுக்கு தண்ணியும் எண்ணெயும்?" இதுவும் நியாயமான கேள்விதான். கொடுப்பார். சிலுவையில இருந்த கள்வனுக்கு திருமுழுக்கு கொடுத்து யாரும் பார்க்கல, ஆனா நீ இன்னிக்கே என்னோட பேரின்ப வீட்டுல இருப்பாய்னு இயேசு சொன்னார் (லூக்கா 23:43). கடவுள் அருளடையாளங்களுக்குள்ள கட்டுப்பட்டவர் இல்லன்னு மறைக்கல்வி நூலே சொல்லுது (1257). ஆனா பைபிளை முதல்லருந்து பார்த்தா அவர் பொருள் வழியா வேலை செய்றதை விரும்புறார்னு தெரியும். தொழுநோய் வந்த நாமான்ங்கிற படைத்தலைவனை யோர்தான் ஆத்துல ஏழு தடவை முழுகச் சொன்னாங்க, அவனுக்கு கோபம் வந்துச்சு, ஏன் எங்க ஊர் ஆறு ஆகாதான்னு கேட்டான், கடைசியில முழுகினான், குணமாச்சு (2 அரசர்கள் 5). யோவான் 9ல இயேசு தரையில துப்பி, எச்சிலால சேறு பண்ணி, பார்வை இல்லாதவர் கண்ல பூசி, போய் சிலோவாம் குளத்துல கழுவுன்னு அனுப்புறார். ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்கிற நிலைமையில இருந்தவர் சேறு பூசினார். கடவுளே மனுஷ உடம்பு எடுத்து வந்தார்னு நம்புறவங்களுக்கு இது ஒண்ணும் விசித்திரம் இல்ல.

படி 3: கேள்வியை சரியா வைங்க

எந்த அருளடையாளத்தை எடுத்தாலும் மூணே கேள்வி கேளுங்க. இந்தச் செயலை புதிய ஏற்பாட்டுல யாராவது செய்றாங்களா? அதைச் செஞ்சா என்ன நடக்கும்னு அங்க எழுதியிருக்கு? தொடர்ந்து செய்யச் சொல்லியிருக்கா? நோட்டுல எழுதிட்டே போங்க.

இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கணும். "பைபிள்ல எழுதியிருந்தாதான் ஏத்துக்குவேன்"ங்கிறது சீர்திருத்த (புரோட்டஸ்டன்ட்) சபைகளோட நிலைப்பாடு. கத்தோலிக்கர் வேதத்தையும் திருத்தூதர் காலத்துலருந்து வர்ற மரபையும் சேர்த்தே பார்க்கிறாங்க, அதுக்கு அவங்க காட்டுற இடம் 2 தெசலோனிக்கர் 2:15, வாய்மொழியாவோ கடிதம் வழியாவோ நாங்க கத்துக்கொடுத்த மரபைப் பிடிச்சுக்கோங்கன்னு பவுல் எழுதினது. புதிய ஏற்பாட்டுல 27 புத்தகம்னு நம்ம கையில இருக்கிற அதே பட்டியல் முழுசா நமக்கு கிடைக்கிறது 367ல அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதின கடிதத்துலதான், அதுக்கு முன்னாடி மூணு நூற்றாண்டு சபை தண்ணியில முழுக்கிக்கிட்டும் அப்பம் பிட்டுக்கிட்டும்தான் வாழ்ந்துச்சு. இதனால வசன ஆதாரமே வேணாம்னு நான் சொல்லல. வேணும், தேடணும். ஆனா வசனத்தை அந்த சபை எப்படி வாழ்ந்து காட்டிச்சுன்னும் பார்க்கணும்.

படி 4: திருமுழுக்குல ஆரம்பிங்க

இதுல ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்ல. மத்தேயு 28:19ல கட்டளை இருக்கு, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால திருமுழுக்கு கொடுங்கன்னு. என்ன நடக்கும்ங்கிறதுக்கு திருத்தூதர் பணிகள் 2:38 பாருங்க, பாவ மன்னிப்பும் தூய ஆவியும். உரோமையர் 6:3-4ல கிறிஸ்துவோட சாவுக்குள்ள முழுகி புது வாழ்வுக்கு எழுந்திருக்கோம்னு பவுல் சொல்றார். 1 பேதுரு 3:21 இன்னும் நேரடியா, திருமுழுக்கு இப்ப உங்களை மீட்குதுன்னே எழுதியிருக்கு. வெறும் அடையாளம்தான், உள்ள ஒண்ணும் நடக்கலன்னு சொல்றவங்க இந்த வசனத்துக்கு பதில் சொல்லியாகணும்.

சண்டை எங்கன்னா குழந்தைக்கு கொடுக்கலாமாங்கிறதுல. இங்க நேர்மையா பேசணும். கைக்குழந்தைக்கு திருமுழுக்கு கொடுத்தாங்கன்னு பேர் சொல்லி ஒரு வசனமும் இல்ல, கொடுக்காதீங்கன்னும் ஒரு வசனமும் இல்ல. இருக்கிறது என்னன்னா லீதியாவோட வீட்டார் (திருத்தூதர் பணிகள் 16:15), சிறைக்காவலரோட வீட்டார் (16:33), ஸ்தேவானாவோட வீட்டார் (1 கொரி 1:16), குடும்பம் குடும்பமா கொடுத்திருக்காங்க. கொலோசையர் 2:11-12 திருமுழுக்கை விருத்தசேதனத்தோட பக்கத்துல வச்சுப் பேசுது, விருத்தசேதனம் எட்டாம் நாள் குழந்தைக்கு நடந்தது. அப்புறம் வரலாறு: சுமார் 200ல தெர்த்துல்லியன்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் குழந்தைக்கு அவசரப்பட்டு கொடுக்காதீங்கன்னு எழுதுறார், அவர் எதிர்க்கிறதுலருந்தே அந்தப் பழக்கம் அப்பவே இருந்துச்சுன்னு தெரியுது. அடுத்த அம்பது வருஷத்துல கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் காலத்துல வந்த கேள்வி குழந்தைக்கு கொடுக்கலாமான்னு இல்ல, எட்டாம் நாள் வரைக்கும் காத்திருக்கணுமான்னுதான். காத்திருக்க வேணாம்னு ஆயர்கள் முடிவு பண்ணாங்க.

முழுகணுமா, தலையில ஊத்தினா போதுமான்னும் கேப்பாங்க. புதிய ஏற்பாட்டுக்கு ரொம்ப பக்கத்துல எழுதப்பட்ட திதாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூல், ஓடுற தண்ணியில கொடு, இல்லன்னா வேற தண்ணி, அதுவும் போதலன்னா தலையில மூணு தடவை ஊத்துன்னு சொல்லுது. பிரச்சனை தீர்ந்துச்சு.

படி 5: நற்கருணைக்கு நேரம் ஒதுக்குங்க

மத்ததை எல்லாம் ஒரு நாள்ல படிச்சாலும் இதுக்கு மட்டும் தனியா உட்காருங்க, ஏன்னா கத்தோலிக்க வாழ்க்கையே இதைச் சுத்தித்தான் ஓடுது. படிக்க வேண்டியது யோவான் 6 முழு அதிகாரமும், 1 கொரிந்தியர் 10:16-17, 11:23-30, லூக்கா 22:14-20.

யோவான் 6ஐ மெதுவா படிங்க. முந்தின நாள் அஞ்சு அப்பத்துல வயிறு நிறைஞ்ச கூட்டம் இயேசுவை தேடிக்கிட்டு கப்பர்நாகூமுக்கே வந்துடுச்சு. அவர் நானே வாழ்வு தரும் உணவுங்கிறார், முணுமுணுக்கிறாங்க. நான் கொடுக்கப்போற உணவு என் சதைங்கிறார், இவர் எப்படி தன் சதையை நமக்கு சாப்பிட கொடுக்க முடியும்னு ஒருத்தருக்கொருத்தர் வாக்குவாதம் பண்றாங்க (52). இந்த இடத்துல அவர் "அய்யோ நான் உவமையா சொன்னேன்"னு சொல்லியிருக்கலாம். சொல்லல. என் சதையை உண்டு என் இரத்தத்தைக் குடிக்கலன்னா உங்களுக்குள்ள வாழ்வு இல்லன்னு இன்னும் அழுத்தமா சொல்றார் (53). கூட இருந்த சீடர்களே இது ஏத்துக்க முடியாத பேச்சுன்னுட்டாங்க (60), நிறைய பேர் அதோட விட்டுட்டுப் போயிட்டாங்க (66). போறவங்களை அவர் கூப்பிட்டு நிறுத்தல. பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பி நீங்களும் போயிட நினைக்கிறீங்களான்னு கேக்குறார். பேதுரு புரிஞ்சுதுன்னு சொல்லல, யார்கிட்ட போவோம் ஆண்டவரேன்னுதான் சொன்னார். இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எதிர்ப்பக்கம் சொல்றதையும் கேளுங்க. 63ஆம் வசனத்துல, வாழ்வு தர்றது ஆவியே, ஊனியல்பு ஒண்ணுக்கும் உதவாதுன்னு இருக்கே, அப்ப எல்லாம் ஆன்மீக அர்த்தம்தானேன்னு கேப்பாங்க. என் பதில், அவர் "என் சதை உதவாது"ன்னு சொல்லல, அப்படின்னா பத்து வசனம் முன்னாடி சொன்னதையே ரத்து பண்ணின மாதிரி ஆகும், வெறும் மனுஷ புத்தியால இதைப் பார்த்தா விளங்காதுன்னுதான் சொல்றார். நானே வாயில், நானே திராட்சைக்கொடின்னும்தான் சொன்னார், அதையும் நேரடியா எடுத்துக்கலாமான்னு கேப்பாங்க. அந்தப் பேச்சைக் கேட்டு அதிர்ச்சியாகி ஒருத்தரும் விட்டுட்டுப் போகல, வா இதைச் சாப்பிடுன்னு ஒரு விருந்துல அதை எடுத்து நீட்டவும் இல்ல.

பவுல் கொரிந்தியருக்கு எழுதினது சுமார் 55ல, இயேசு இறந்து கால் நூற்றாண்டு கூட ஆகல. தகுதி இல்லாம இதை உண்டு குடிக்கிறவன் ஆண்டவரோட உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிரா குற்றம் செய்றான்ங்கிறார் (11:27). வெறும் அப்பத்துக்கு எதிரா அவ்வளவு பெரிய குற்றம் எப்படி வரும்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்து அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், 2ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ரோமைக்கு சாவுத் தண்டனைக்காக கூட்டிட்டுப் போற வழியில ஸ்மிர்னா சபைக்கு எழுதறார், நற்கருணை நம்ம மீட்பர் இயேசு கிறிஸ்துவோட சதைன்னு ஏத்துக்காதவங்க அதுலருந்து ஒதுங்கி நிக்கிறாங்கன்னு. சுமார் 155ல யுஸ்தீன்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசருக்கு எழுதின விளக்கத்துல நாங்க இதை சாதாரண அப்பமா வாங்குறதில்லன்னு சொல்றார், வர முடியாதவங்களுக்கு திருத்தொண்டர்கள் (டீக்கன்கள்) கொண்டு போறாங்கன்னும் எழுதியிருக்கார்.

சீர்திருத்தவாதிகள்னா எல்லாரும் ஒரே கருத்துன்னு நினைக்காதீங்க. 1529ல ஜெர்மனியில மார்பர்க்ல லூத்தரும் ஸ்விங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து இதைத்தான் பேசினாங்க. லூத்தர் "இது என் உடல்"ங்கிற வார்த்தையை மேசை மேல சாக்பீஸால எழுதி வச்சுக்கிட்டு அதை விட்டு இறங்கவே இல்ல. மத்த விஷயங்கள்ல ஒத்துப்போனாங்க, இதுல மட்டும் கடைசி வரை ஒத்துப்போகல.

பலிங்கிற விஷயம் கடினமானது, அவசரப்படாதீங்க. எபிரேயர் 10:10-14 கிறிஸ்து ஒரே தடவை பலியானார்னு அடிச்சு சொல்லுது, அப்ப தினமும் திருப்பலி (பூசை) எதுக்குன்னு கேட்பாங்க. திருச்சபையும் ஒரே தடவைன்னுதான் சொல்லுது. திருப்பலியில அவரை மறுபடி பலியிடுறதில்ல, கல்வாரியில ஒரு தடவை நடந்த அதே பலி நம்ம முன்னாடி வருதுங்கிறதுதான் போதனை. இது ஒத்துவருதான்னு நீங்களே அந்த அதிகாரத்தை வச்சு யோசிங்க, ஆனா கத்தோலிக்கர் கிறிஸ்துவை மறுபடி மறுபடி பலியிடுறாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அது அவங்க போதனையே இல்ல.

படி 6: ஒப்புரவு, அதிகமா பயப்படுற இடம்

"நான் ஏன் இன்னொரு மனுஷன்கிட்ட போய் பாவத்தை சொல்லணும், நேரா கடவுள்கிட்ட சொன்னா போதாதா?" யோவான் 20:22-23 எடுங்க. உயிர்த்த இயேசு சீடர்கள் மேல ஊதி தூய ஆவியைப் பெத்துக்கோங்கன்னு சொல்லி, எவரோட பாவங்களை நீங்க மன்னிக்கிறீங்களோ அவை மன்னிக்கப்படும், எவரோட பாவங்களை மன்னிக்கலையோ அவை மன்னிக்கப்படாதுன்னார். மன்னிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற பொறுப்பைக் கொடுத்திருக்கார், சொல்லிக் கேட்காம அவங்க அதை எப்படி முடிவு பண்ணுவாங்க? இதோட 2 கொரிந்தியர் 5:18-20ஐயும், மத்தேயு 9:8ஐயும் சேர்த்துப் படிங்க, அங்க மனுஷங்களுக்கு இப்படி ஒரு அதிகாரம் கொடுத்த கடவுளை கூட்டம் புகழுது. அதிகாரம் வசனத்துல இருக்கு. ஆனா இன்னிக்கு நடக்கிற முறை, அதாவது தனியா போய் காதுல சொல்றது, அப்படியே வசனத்துல இல்ல. ஆரம்ப நூற்றாண்டுகள்ல கொலை, விபச்சாரம், விசுவாச மறுப்பு மாதிரி பெரிய பாவத்துக்கு எல்லாருக்கும் தெரியற மாதிரி கடுமையான தவம் இருந்துச்சு. திரும்பத் திரும்ப தனியா போய் அறிக்கையிடுற வழக்கத்தை 6, 7ஆம் நூற்றாண்டுகள்ல அயர்லாந்து துறவிகள் ஐரோப்பாவுல பரப்பினாங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும்னு 1215ல நாலாம் லாத்தரன் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கிற பொதுக்கூட்டம்) சட்டம் போட்டுச்சு. முறை வளர்ந்தது, கொடுத்த அதிகாரம் அதேதான்.

உள்ள போனா என்ன நடக்கும்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். சிலுவை அடையாளம் போடுவீங்க, கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணீங்கன்னு சொல்வீங்க, பாவங்களைச் சொல்வீங்க, கதை சொல்லத் தேவையில்ல, அடுத்தவங்க பாவத்தையும் சொல்லத் தேவையில்ல. ஃபாதர் ரெண்டு வார்த்தை பேசுவார், பரிகாரமா ஒரு செபமோ செயலோ கொடுப்பார், நீங்க மனத்துயர் செபம் சொல்வீங்க, அவர் கையை நீட்டி தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால உன் பாவங்கள்லருந்து உன்னை விடுவிக்கிறேன்னு சொல்வார். அவ்வளவுதான், பல நேரம் அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அவர் அதை வெளிய யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் சொல்லக் கூடாது, நேரடியா மீறினா அந்தக் கணமே சபை விலக்கு.

படி 7: மீதி நாலையும் பாருங்க

நோயில் பூசுதலுக்கு யாக்கோபு 5:14-15 ஒண்ணே போதும். உங்கள்ல யாராவது நோயா இருந்தா சபை மூப்பர்களை கூப்பிடட்டும், அவங்க ஆண்டவர் பெயரால எண்ணெய் பூசி செபிக்கட்டும், பாவம் செஞ்சிருந்தா மன்னிப்பு கிடைக்கும்னு அச்சு அசலா இருக்கு. பைபிள் மட்டும் போதும்ங்கிற பல சபைகள்ல இது நடைமுறையில இல்லைங்கிறது எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். இது சாகப்போறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஃபாதரை கூப்பிட பயப்படுறாங்க பாருங்க, அது தப்பு, கடுமையான நோய், பெரிய ஆபரேஷன், தள்ளாத வயசு இதுக்கெல்லாம் வாங்கலாம்னு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் தெளிவாவே சொல்லிட்டாங்க. நெத்தியிலயும் கையிலயும் பூசுவாங்க.

உறுதிபூசுதலுக்கு திருத்தூதர் பணிகள் 8:14-17. சமாரியாவுல பிலிப்பு கொடுத்த திருமுழுக்கு ஏற்கனவே ஆயிடுச்சு, அப்புறம் பேதுருவும் யோவானும் எருசலேம்லருந்து போய் கை வைக்கிறாங்க, தூய ஆவி வருது. 19:5-6லயும் அதே வரிசை. எபிரேயர் 6:2 திருமுழுக்கையும் கை வைக்கிறதையும் அடிப்படைப் பாடங்களோட சேர்த்தே சொல்லுது. தனிச் செயலா ஆதாரம் இருக்கு, ஆனா இயேசுவே இதைச் செய்யச் சொன்ன வசனம் நேரடியா இல்ல, எண்ணெய் பூசுறதும் அந்த இடங்கள்ல வரல.

குருத்துவத்துக்கு கை வைக்கிறது பல இடத்துல இருக்கு, 2 திமொத்தேயு 1:6ல என் கைகளை வச்சதால உனக்குள்ள இருக்கிற கடவுளோட வரம்னு பவுல் சொல்றது ரொம்ப தெளிவு. நாம எல்லாருமே குருக்கள்தானே, 1 பேதுரு 2:9 சொல்லுதேன்னு கேட்டா, ஆமா எல்லாரும்தான். ஆனா அந்த வசனம் விடுதலைப் பயணம் 19:6லருந்து வர்றது, அங்க இஸ்ரயேல் முழுக்க குருக்களோட அரசுன்னு சொன்ன அதே கடவுள்தான் ஆரோன் வீட்டுக்கு தனியா குருத்துவமும் கொடுத்தார், ரெண்டும் சேர்ந்தே இருந்துச்சு. ஆயர், குரு, திருத்தொண்டர்னு மூணு நிலை புதிய ஏற்பாட்டுல இன்னிக்கு மாதிரி பிரிஞ்சு தெரியல, தீத்து 1:5-7ல மூப்பரும் சபைக் கண்காணிப்பாளரும் ஒரே ஆள் மாதிரிதான் வருது. இஞ்ஞாசியார் கடிதங்கள்லதான் மூணும் தனித்தனியா நிக்குது.

திருமணத்துக்கு மத்தேயு 19:4-6, எபேசியர் 5:31-32. கணவன் மனைவி ஒண்ணாகிறது கிறிஸ்துவையும் சபையையும் பத்தின பெரிய மறைபொருள்னு பவுல் சொல்றார். திருமணம் புனிதம்ங்கிறதுக்கு வசனம் பலமா இருக்கு, அது அருள் தர்ற அடையாளம்ங்கிறதுக்கு அந்த வசனத்தை திருச்சபை வாழ்ந்து புரிஞ்சுக்கிட்ட விதத்தை நாம நம்பணும். இலத்தீன் முறையில இதைக் கொடுக்கிறது ஃபாதர் இல்ல, மணமக்களே ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிறாங்க. திருமுழுக்கு வாங்கின ரெண்டு சீர்திருத்த சபைக்காரங்க முறைப்படி பண்ணிக்கிட்ட கல்யாணமும் கத்தோலிக்கப் பார்வையில அருளடையாளம்தான், பல பேருக்கு இது தெரியாது.

படி 8: அப்ப ஏழுங்கிற எண் எங்கருந்து வந்துச்சு

முதல் ஆயிரம் வருஷம் யாரும் உட்கார்ந்து ஏழுன்னு எண்ணல, செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. 12ஆம் நூற்றாண்டுல பீட்டர் லொம்பார்ட்ங்கிற இறையியலாளர் இந்த ஏழையும் பட்டியல் போட்டார், 1274ல இரண்டாம் லியோன் சங்கம், 1439ல ஃபுளோரன்ஸ், கடைசியா 1547ல திரெந்து சங்கம் ஏழு, கூடவும் இல்ல குறையவும் இல்லன்னு வரையறுத்துச்சு. இதை வச்சு "அப்ப 12ஆம் நூற்றாண்டு கண்டுபிடிப்பு"ன்னு சொல்றது சரியில்ல, பட்டியல் பிந்தினது, பட்டியல்ல இருக்கிறது பிந்தினது இல்ல. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பொதுவா அதே ஏழைத்தான் சொல்றாங்க, அவங்க குழந்தைக்கே திருமுழுக்கு, எண்ணெய் பூசுதல், நற்கருணை மூணையும் ஒண்ணா கொடுத்துடுவாங்க. லூத்தர் 1520ல முதல்ல மூணுன்னு ஆரம்பிச்சு திருமுழுக்கு, நற்கருணைன்னு ரெண்டுல நின்னார், பெரும்பாலான சீர்திருத்த சபைகள் அந்த ரெண்டைத்தான் வச்சிருக்கு. குவேக்கர்களும் சால்வேஷன் ஆர்மியும் ஒண்ணையும் கடைபிடிக்கிறதில்ல. "பைபிள் மட்டும்"னு சொல்றவங்களுக்குள்ளயே எண்ணிக்கை இப்படி மாறுது, அதையும் குறிச்சுக்கோங்க.

கொஞ்சம் யோசிக்கிறவங்க அடுத்து ஒண்ணு கேப்பாங்க, யோவான் 13:14-15ல பாதம் கழுவச் சொல்லி நேரடியா கட்டளை இருக்கே, அது ஏன் எட்டாவது இல்லன்னு. அருமையான கேள்வி. 4ஆம் நூற்றாண்டுல மிலான்ல ஆயரா இருந்த அம்புரோஸ் திருமுழுக்கோட சேர்த்து பாதமும் கழுவியிருக்கார், ரோமைச் சபையில அந்த வழக்கம் இல்லன்னு அவரே சொல்றார். திருச்சபை அதை தாழ்மையான சேவைக்கு முன்மாதிரின்னு எடுத்துக்கிச்சு, அதனாலதான் பெரிய வியாழன்ல செய்றாங்க. எது அருளடையாளம், எது முன்மாதிரின்னு பிரிச்சுப் பார்க்க வசனம் மட்டும் போதல, சபையோட முடிவும் வேண்டியிருக்குன்னு இங்க நல்லாவே தெரியுது, அதை நான் மறைக்கல.

படி 9: நேர்ல போய் பாருங்க

படிச்சதை எல்லாம் வச்சுக்கிட்டு ஒரு திருமுழுக்குக்குப் போங்க, முன்வரிசையில உட்காருங்க. முதல்ல பெத்தவங்ககிட்ட பிள்ளைக்கு என்ன பேர், திருச்சபைகிட்ட என்ன கேக்குறீங்கன்னு ஃபாதர் கேட்பார். நெத்தியில சிலுவை போடுவார், பெத்தவங்களும் ஞானப்பெற்றோரும் போடுவாங்க. சாத்தானை விட்டுவிடுறீங்களான்னு கேட்டு, விசுவாச அறிக்கை வாங்கி, மூணு தடவை தண்ணி. அப்புறம் உச்சந்தலையில கிறிஸ்மாங்கிற புனித எண்ணெய், வெள்ளைத் துணி, பாஸ்கா (ஈஸ்டர்) திரியிலருந்து பத்த வச்ச மெழுகுவர்த்தி. உரோமையர் 6ஐ படிச்சுட்டுப் போய் இதைப் பார்த்தா ஒவ்வொரு அசைவும் எந்த வசனத்துலருந்து வருதுன்னு தன்னால புரியும்.

திருப்பலிக்கும் போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. நற்கருணை மட்டும் வாங்காதீங்க, அது கத்தோலிக்கராகி, தயாரிப்போட வாங்குறது. உங்களை ஒதுக்குறதா எடுத்துக்காதீங்க, மேல சொன்ன 1 கொரிந்தியர் 11:27ஐ அவங்க அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாங்க. வரிசையில போக மனசு இருந்தா கையை நெஞ்சுல குறுக்கா வச்சுக்கிட்டுப் போனா பல இடத்துல ஆசீர் கொடுப்பாங்க, இல்லன்னா இருக்கையிலயே உட்கார்ந்து செபிக்கலாம்.

சேரணும்னு முடிவு பண்ணீங்கன்னா பங்குத்தந்தையை பார்த்துப் பேசுங்க. திருமுழுக்கே வாங்காத பெரியவங்களுக்கு பல மாசம் மறைக்கல்வி இருக்கும், வழக்கமா பாஸ்கா இரவுல திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூணும் ஒரே ராத்திரியில கிடைக்கும். வேற சபையில தண்ணியால, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால ஏற்கனவே வாங்கியிருந்தா மறுபடி கொடுக்க மாட்டாங்க, ஒரே திருமுழுக்குன்னு எபேசியர் 4:5 சொல்லுது. அந்தச் சான்றிதழை தேடி எடுத்து வச்சுக்கோங்க. சான்றிதழும் இல்ல, எப்படி கொடுத்தாங்கன்னு சொல்ல சாட்சியும் இல்ல, விசாரிச்சும் சந்தேகம் தீரலன்னா, "நீ ஏற்கனவே திருமுழுக்கு பெறவில்லை என்றால்"னு நிபந்தனை சேர்த்து கொடுக்கிற வழி இருக்கு, ஃபாதர்கிட்ட அதைப் பத்தி கேளுங்க.